டாலிகஞ்ச் குழாய்ச் சங்கத் தேர்தல்

ஜனநாயகம் எந்த நாட்டில் பிறந்தது என்பதில் அறிஞர்களுக்குள் தகராறு உண்டு. அது கப்பலேறி வந்து நிரந்தரமாகக் குடியேறிய இடம் டாலிகஞ்ச் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. போர்ட் பிளேர் நகரத்தின் ஓரத்தில் நாற்பத்தொரு வீட்டுக்கு ஒரே தண்ணீர்க் குழாய். அந்தக் குழாய்க்கு ஒரு சங்கம். அந்தச் சங்கத்துக்கு ஒரு தலைவர். ஐம்பத்து நாலாம் வருஷம் தொடங்கி எட்டுத் தேர்தல். எட்டிலும் திரு. ஜம்புலிங்கம் ‘ஏகமனதாக’த் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். இவ்வளவு ஒற்றுமையான மக்களை மெயின்லேண்டில் பார்க்க முடியுமா?

குழாயின் பாதுகாப்பைக் கருதி, தலைவர் அதைத் தம் வீட்டு வேலிக்குள் வைத்துக்கொண்டார். மேலும் பாதுகாப்பைக் கருதி அதன்மேல் மரப்பெட்டி போட்டுப் பூட்டினார். சாவியின் பாதுகாப்பைக் கருதி அதை இடுப்பில் செருகிக்கொண்டார். தினமும் காலையில் அவர் குளித்து, அவருடைய வாழைத்தோட்டமும் குளித்து முடித்த பிறகு, முக்கால் மணி நேரம் குழாய் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும்.

சங்கத்தின் மிகச் சிறந்த உறுப்பினர் குழந்தைவேலு. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் டாலி கிளார்க். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து முதல் ஆளாகக் கை தூக்குவார். எதற்காக என்று கேட்டதே இல்லை.

எழுபதாம் வருஷத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

“குழந்தைவேலு, இந்தத் தடவை நீ என்னை எதிர்த்து நிக்கணும்.”

குழந்தைவேலு தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “நான் என்னங்கய்யா தப்புப் பண்ணேன்?”

“தப்பு இல்லேய்யா, தேர்தல்! ரெண்டாவது குழாய் வேணும்னு சர்க்காருக்கு எழுதிப் போட்டேன்ல? ‘போட்டியுடன் நடந்த தேர்தல் விவரத்தை இணைக்கவும்’னு பதில் வந்திருக்கு. போட்டி நஹி, பானி நஹி. தண்ணி கிடையாதாம்.”

“ரெண்டாவது குழாய் எங்கேங்க வருது?”

“கொல்லைப்பக்கம்.”

“யாரு வீட்டுக் கொல்லைங்க?”

தலைவர் பதில் சொல்லவில்லை. இத்தகைய கேள்விகளுக்குப் பதில் சொல்லாமலிருப்பதற்குத்தான் ‘நிர்வாகம்’ என்று பெயர்.

“ஆனா உங்களைப் பத்தி நான் என்னங்க குறை பேசுறது? ஒண்ணும் தோணலியே.”

“நான் எழுதித் தரேன். நீ படிச்சாப் போதும்.”

ஜம்புலிங்கம் ஓர் அலுவலகத்தில் ஹெட்கிளார்க். அவர் மனு எழுதினால் மேலதிகாரிக்குக் கண் கலங்கும் என்று ஊரில் பேச்சு. முதல் பக்கத்தில் ஜாக்கிரதையாகத்தான் இருந்தார். ‘தலைவர் அளவுக்கு மீறி உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்’ என்று தம்மைக் கடுமையாகக் கண்டித்தார். படித்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. அவருக்குள் தூங்கிய எழுத்தாளர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். ஒரே வாரத்தில் பதினொரு பக்கம்! தலைவரின் குறைகளைத் தலைவர் அளவுக்கு அறிந்தவர் வேறு யார் இருக்கிறார்கள்?

“மூணாம் பக்கம் முடிஞ்சதும் நிறுத்து. கைதட்டுவாங்க. அடங்கினப்புறம் ஆரம்பி. டீக் ஹை?” என்று ஒத்திகையும் நடத்தினார்.

குழந்தைவேலு வீட்டுக்கு வந்து மனைவி ருக்குவிடம் படித்துக்காட்டினார். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். ஏழாம் பக்கத்தில் முறம் நின்றது.

“இதெல்லாம் யாரு சொன்னது?”

“தலைவரே எழுதினது.”

“அப்ப பொய்யா இருக்காது” என்றாள் ருக்கு. போன மார்ச்சில் ‘குழாய் பழுது, பொறுத்தருள்க’ என்று பலகை தொங்கிய இருபத்தாறு நாளும் ஒன்றரை மைல் நடந்து ஓடைத் தண்ணீர் சுமந்தவள் அவள். ஓடைக்கரையில் வழுக்கி விழுந்ததில் ஒடிந்த வலது கை இன்னும் முழுசாக நீளவில்லை. முறம் மறுபடி ஆடத் தொடங்கியது. குழந்தைவேலுவுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

தேர்தல் நாளில் பள்ளிக்கூடக் கொட்டகை நிறைந்துவிட்டது. குழந்தைவேலு மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார், கைதட்டினார்கள். ஐந்தாம் பக்கத்தில் நிறுத்தச் சொல்லவே இல்லை, அங்கேயும் கைதட்டினார்கள். மேடையில் ஜம்புலிங்கம் கண்ணை மூடி ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஏழாம் பக்கம் வந்தது. குழந்தைவேலு நிமிர்ந்தார். முன்வரிசையில் ருக்கு, மடியில் அந்தக் கை. தாளைப் புரட்டி எட்டாம் பக்கத்துக்குப் போய்விட்டார்.

ஜம்புலிங்கம் துள்ளி எழுந்தார். “யோவ்! ஏழாம் பக்கத்தை விட்டுட்டியே!”

கொட்டகை அவரைப் பார்த்தது. “சாத் நம்பர் பன்னா சுனாவ்!” என்று ஏழாம் பக்கத்தைக் கேட்டுப் பின்னாலிருந்து ஒரு வங்காளித் தச்சர் கத்தினார்.

“மொத்தப் பேச்சுக்கும் உயிரே அதுலதான்யா இருக்கு!” ஜம்புலிங்கம் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, தாளைப் பாராமலே முழங்கினார். “தாய்மார்களே! மார்ச் மாதம் பழுதானது குழாயா? இல்லை! குழாய் நன்றாகத்தான் இருந்தது. பழுது என்று பலகை எழுதி மாட்டியது யார்? உங்கள் தலைவர்! இருபத்தாறு நாளும் தண்ணீர் எங்கே போயிற்று? நீங்கள் ஓடைக்கு நடந்தீர்கள். தண்ணீர் அவர் வாழைக்கு நடந்தது!”

கொட்டகைக் கூரை அதிரக் கைதட்டல். ஜம்புலிங்கம் நெகிழ்ந்துபோய்க் கைகூப்பினார். “நான் எழுதினது! பதினொரு பக்கமும் நான் எழுதினது!”

கைதட்டல் மெல்ல நின்றது. மீன்காரர் வீட்டு செலின் எழுந்தாள். “அப்ப பழுதுன்னு சொன்னது பொய்யா, தலைவரே?”

ஜம்புலிங்கம் விழித்தார். “அது... இலக்கியம்மா. நெசம் வேற, இலக்கியம் வேற.”

ருக்கு எழுந்து வலது கையை நீட்டினாள். அது பாதிவரைதான் நீண்டது.

“இது எதுங்க, இலக்கியமா?”

அதற்குப் பிறகு வாக்கெடுப்பு என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. இருந்தாலும் முறைப்படி நடந்தது, வீட்டுக்கு ஒரு கை. ஜம்புலிங்கத்துக்கு ஆதரவாக இரண்டு கைகள் எழுந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்று குழந்தைவேலுவுடையது, பதினாறு வருஷப் பழக்கம். “இறக்குங்க” என்று ருக்கு அதைப் பிடித்து இழுத்தாள். நாற்பதுக்கு ஒன்று.

அன்றைக்கே வேலி பிரிக்கப்பட்டது. இவ்வளவு உக்கிரமான போட்டியைக் கண்டு அசந்துபோன அதிகாரிகள் இரண்டாவது குழாயையும் உடனே கொடுத்தார்கள். அது ரோட்டோரத்தில், செலின் வீட்டு வளைவில் நின்றது.

பதினாறு ஆண்டுப் பொதுவாழ்வில் ஜம்புலிங்கம் மக்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று யாராவது சொன்னால், அது பெரிய அநியாயம். பதினொரு பக்கம் எழுதிக் கொடுத்தார். மற்றதையெல்லாம் வாழை குடித்துவிட்டது.