பதினான்கு கிளப் கண்ட அத்தான்

இங்கிலாந்துக் கால்பந்து ஸ்ட்ரைக்கர் ஒருவரை எங்கள் ஊர்க் கழகத்துக்கு ஆடவைத்த மனேஜர் நான்தான். (பொய். மனேஜர் வேறு ஆள். நான் அந்த ஸ்ட்ரைக்கருடைய சப்பாத்துப் பையைத் தூக்கியவன். அதிலும் ஒரு சப்பாத்தை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.)

அவர் பெயர் கெவின். பதினான்கு கிளப்புக்கு ஆடியவர். வடக்கே ஒரு கிளப்பில் ஏழு கோல், ஸ்கொட்லாந்தில் மழையும் முழங்கால் வலியும், பிறகு பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் ஒரு சீசன் முழுக்க உப்பு மீன். எந்த ஊரிலும் ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கிப் போடும் அளவுக்கு நின்றதில்லையாம். கடைசியில் லண்டனில், ஹவுன்ஸ்லோ கார்கோ கிடங்கில், என்னோடு ஒரே ஷிப்டில் பெட்டி தூக்கினார். நானும் ஸ்ட்ரைக்கர்தான். மூன்று வருடத்தில் ஒரே ஒரு கோல். (எங்கள் கோலுக்குள்.)

கோடை வந்தால் யாழ்ப்பாணத்து ஊர்கள் எல்லாம் லண்டன் மைதானத்தில் மோதும். சட்டம் ஒன்றுதான்: ஆடுகிறவன் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஊரில் பெண் எடுத்திருக்க வேண்டும்.

அன்று இறுதிப் போட்டி. அன்று பின்னேரமே வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு பிரான்ஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அக்காவைப் பார்க்க வருகிறார்கள். இந்தச் சம்பந்தத்துக்காக அம்மா வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு ஆறு வெள்ளி விரதம் இருந்தவர். எனக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம்? கோப்பைதான் கண்ணில்.

இரண்டாம் பாதியில் கெவினை இறக்கினோம். ஒரு காலில் அவருடைய சப்பாத்து, மற்றக் காலில் என்னுடையது. பத்தே நிமிடத்தில் இரண்டு கோல்! இரண்டுமே என் சப்பாத்துப் போட்ட காலால்! மைதானமே எழும்பிக் கத்தியது. நான் அழுதேவிட்டேன். என் சப்பாத்து கோல் அடித்து அன்றுதான் பார்த்தேன்.

போட்டிச் செயலாளர் கோப்போடு ஓடி வந்தார்.

"தம்பி, ஆரடா இந்த வெள்ளை?"

"எங்கட ஊர் மருமோன், அண்ணை."

"எந்த வீட்டு மருமோன்?"

சனம் முழுக்க என்னையே பார்த்தது. அந்த நேரம் பார்த்து என் மண்டையில் ஒரே ஒரு வீட்டு விலாசம்தான் இருந்தது.

"எங்கட வீடுதான். அக்கான்ர மனுசன்."

"கலியாணம் எப்ப நடந்தது? எங்களுக்குச் சொல்லேல்லையே!"

"ரெஜிஸ்டர் மட்டுந்தான், அண்ணை. கலியாண ஹோல் கிடைக்கேல்லை."

மைக்கில் இருந்தவருக்கு இது போதும். "இதோ, எங்கட புது மாப்பிள்ளை!" என்று முழங்கினார். சனம் போனைத் தூக்கியது. மாப்பிள்ளை வீட்டார் டோவர் தாண்டுவதற்குள் ஒன்பது பேர் அவர்களுக்குப் போன் எடுத்து அக்காவின் கலியாணத்துக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்களாம். அவர்கள் அப்படியே திரும்பிவிட்டார்கள்.

ஆட்டம் முடிய முன்னமே ஒரு டாக்ஸி வந்து நின்றது. பெண் பார்க்கக் கட்டிய பட்டுச் சேலையோடு அக்கா நேரே மைதானத்துக்குள் இறங்கினாள். ரெஃப்ரி விசில் ஊதினார். அவள் பார்த்த பார்வையில் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"எங்கையடா என்ர புருசன்?"

நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். (கம்பம் மெல்லியது. நான் மெல்லியவன் இல்லை.) யாரோ கெவினைக் கைகாட்ட, அக்கா அவர் முன்னால் போய் இங்கிலீசில் கேட்டாள், "நீர்தானா என்னைக் கட்டினது?"

கெவின் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். "இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் லோன் என்றுதான் உங்கள் தம்பி சொன்னான். பெர்மனன்ட் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை."

அக்கா உதட்டைக் கடித்தாள். அடக்க ஏலவில்லை. வெடித்துச் சிரித்தாள்.

பொய் பிடிபட்டதால் எங்களுக்கு வரவேண்டிய கோப்பையைப் பறித்தார்கள். என்னை மைதானத்துச் சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் பொரிக்கும் பக்கம் அனுப்பினார்கள், போட்டி நாட்களில் இன்றும் அங்கேதான். அம்மா நாற்பது நாள் என்னோடு கதைக்கவில்லை. அக்கா மட்டும் ஒரு வாரம் கழித்து, "அந்த மனுசன்ர சப்பாத்தை நீ துலைச்சதுக்கு மன்னிப்புக் கேக்கவேணும், நம்பரைத் தா" என்றாள். மன்னிப்புக்கு ஒரு தேத்தண்ணி போதாதா? இவர்கள் இரண்டு பேரும் சந்தித்த அன்றே ஆறு தேத்தண்ணி குடித்து, பிறகு கடைக்குப் போய்த் திரைச்சீலை...

பொறுங்கோ, கீழே குசினியிலிருந்து அம்மா கத்துகிறார். "டேய்! உன்ர லோன் பிளேயர் இடியப்பம் எல்லாத்தையும் முடிக்கப்போறார்!"

கூடவே வெள்ளைக்காரத் தமிழில் இன்னொரு குரல்: "மச்சான்! கெதியா வா!"

"வாறன், அத்தான்!"