கறுக்காத காசு

காசு பளபளவென்று மின்னியதும் மாப்பிள்ளை மனைவியைக் கூப்பிட்டார்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் அவர். விடுமுறையிலும் கை சும்மா இருக்காது. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை சகிதமாக, ஜன்னலைத் திறந்து வைத்து, வினிகரில் உப்பைக் கரைத்துப் பழைய செப்புக் காசுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முறைப்படிதான். ஆறாவதாக உள்ளே விழுந்தது மட்டும் மாமனாருடையது.

"ஏங்க, அது அப்பா பத்திரமா வைக்கச் சொன்னதாச்சே!" மனைவி தலையில் கை வைத்தாள்.

"அழுக்கா இருந்துச்சு. சுத்தம் பண்ணிக் கொடுத்தா சந்தோஷப்படுவார்னு..."

"அது அழுக்கு இல்லங்க, முன்னூறு வருஷம்! நாலு மணிக்கு மியூசியத்துலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க. அவங்களுக்குக் காட்டப்போறதே அந்தக் கறுப்பைத்தான்!"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் மாமனார் அவரை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் அது. மாப்பிள்ளைக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"அலசாம காத்துல வச்சா நிறம் மாறிடும்" என்று ஜன்னலோரம் வைத்தார்.

மாறியது. மத்தியானத்துக்குள் பச்சை பச்சையாகப் பூத்தது.

"பாசி பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

பச்சையை எடுக்க மறுபடியும் வினிகர். இப்போது காசு முன்னைவிட ஜோராக ஜொலித்தது.

"முட்டை இருக்கா?"

"இந்த நேரத்துல பசியா உங்களுக்கு?"

"கந்தகம் வேணும். அவிச்ச முட்டையை நசுக்கி, காசோட சேர்த்து டப்பாவுல மூடி வச்சா கறுத்துடும்."

இருந்தது நான்கு. நான்கையும் நசுக்கி மூடினார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்த்தார். வீடெல்லாம் நாறியது. காசோ டீ நிறத்துக்கு மேல் ஒரு அடி நகரவில்லை.

மூன்றேகாலுக்கே அழைப்பு மணி. மாமனாரும் மாமியாரும்.

"காசு எங்கம்மா? ஒருதரம் பார்த்துக்கறேன்" என்று கூடத்தில் மாமனார் குரல்.

"வருதுப்பா. முதல்ல தண்ணி குடிங்க" என்றாள் மகள்.

மாமியார் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நேரே சமையலறைக்குள் வந்தார். கண்ணாடியைக்கூடக் கழற்றாத மாப்பிள்ளை, டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். மாமியார் கையை நீட்டினார். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை கொடுத்தார்.

மாமியார் திறந்தார். காசையும், மேடையில் கிடந்த நான்கு முட்டை ஓடுகளையும் பார்த்தார். மாப்பிள்ளை காலில் விழத் தயாரானார்.

"அத்தை, தெரியாம பண்ணிட்டேன். நானே மாமாகிட்ட சொல்லிடறேன்..."

மாமியார் கூடத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மூடியை அழுத்தி மூடி, குரலைத் தாழ்த்தினார்.

"நாலு முட்டை பத்தாது மாப்பிள்ள. போன வருஷம் உங்க மாமா இந்தக் காசுக்கு வயசு ஏத்தினப்போ ஒன்பது ஆச்சு."