கால்வாய்ப் பேயும் சோப்புத் தண்ணீரும்

“என் சட்டையில யாரைம்மா கொன்னே?”

மருந்துக்கடைக்காரர் ஒருநாள் சலவைக்காரியிடம் இப்படிக் கேட்டார். ஆறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. அவருடைய வெள்ளைச் சட்டையைச் சோப்புத் தண்ணீரில் முக்கிய அரை நிமிஷத்தில், மார்புப் பக்கம் செக்கச்செவேலென்று ஒரு கறை பூத்தது. அந்த நேரம் பார்த்துத்தானா மனிதர் வாசலில் வந்து நிற்க வேண்டும்? அவளுக்குப் பதில் தெரியும். பதில் தொண்டை வரை வந்தது, எட்டிப் பார்த்தது, கூட்டமாக இருக்கிறதே என்று திரும்பிப் போய்விட்டது. அவளுக்கு எதிரே ஒரு ஆள் நின்றாலே கூட்டம்தான். மறுநாள் சட்டை வெள்ளைவெளேரென்று வீடு போய்ச் சேர்ந்தது. கேள்விதான் அங்கேயே தங்கிவிட்டது.

அதற்கு அவள் பதில் சொன்ன கதை இது. பதில் கிடைத்தபோது ஒரு பேய்க்கு வேலை போனது.

அந்தத் தெருவின் ஓரமாக ஒரு சாக்கடைக் கால்வாய் ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. படுத்துக் கிடந்தது என்பதே உண்மை. ஒருவழியாக நகராட்சிக்கு இரக்கம் பிறந்து, கால்வாயை ஆழமாகத் தோண்டி, கான்கிரீட் போட்டு, மேலே பலகைக் கற்களால் மூடும் வேலை ஆரம்பமானது. மேல்முனையில் தொடங்கிக் கீழ்முனை வரை வந்தார்கள். மேல்முனைக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். கொசுக்கள் இடம் மாறிப் போயின. இன்னும் முப்பது அடிதான் பாக்கி. அந்த முப்பது அடி சலவைக்காரி வீட்டு வாசலில் இருந்தது.

முன்பெல்லாம் தண்ணீர் நின்று நிதானித்து வரும். வழவழப்பான கான்கிரீட்டில் இனி அது ஓடியே வரும். தெருவின் மொத்தத் தண்ணீரும் ஓடிவந்து அந்த முப்பது அடி மண்ணில் முட்டினால் எங்கே போகும்? நேரே இரண்டு அறை வீட்டுக்குள்தான். போன மழையிலேயே முழங்கால் அளவுக்கு வந்து, ஊரார் சட்டைகள் இருபத்திரண்டைச் சுற்றுலா கூட்டிப் போயிற்று. இந்த மழைக்கு முன்னால் வேலை முடியாவிட்டால் தொழிலும் போகும், வீடும் போகும்.

மழைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கூலியாட்களின் மண்வெட்டியில் நீளமாக ஒரு எலும்பு அகப்பட்டது. மாட்டின் கால் எலும்பு என்று மேஸ்திரி சொன்னார். யார் கேட்டார்கள்? அதே வாரம் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வேலை போயிற்று, ஒருவருடைய சைக்கிள் காணாமல் போயிற்று. எல்லாம் எலும்பின் கைவரிசை என்று தெரு முடிவு செய்தது. சைக்கிள் திருடனுக்கு இப்படி ஒரு அதிர்ஷ்டம் அடித்திருக்கக் கூடாது.

மூன்றாம் நாள், பேய் ஓட்டுகிற நிலத்தடி ஐயா வந்து இறங்கினார்.

வெள்ளை அங்கி, கையில் ஒரு நீளமான குழாய். குழாயின் ஒரு முனையைப் பலகைக் கல்லில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்தார். தெரு மூச்சை அடக்கிக்கொண்டது.

“கீழ ஒருத்தி அழறா” என்றார்.

“எதுக்குங்க ஐயா?”

“தூக்கத்துல எழுப்பிட்டீங்களேன்னு.”

ஆதாரம் வேண்டாமா? அதற்கும் ஐயா தயாராக வந்திருந்தார். புதுக் கான்கிரீட் வெயிலில் வெடிக்காமல் இருக்க, மேஸ்திரி கால்வாயில் அங்கங்கே மண்ணணை கட்டி நல்ல தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தார். மூடாமல் விட்டிருந்த ஒரு இடத்தில் ஐயா குனிந்து, வாசனையான ஒரு பொடியை அந்தத் தண்ணீரில் தூவினார். அதற்குப் பெயர் காட்டும் பொடியாம். தண்ணீர் ரத்தச் சிவப்பானது. நாலு பேர் அலறினார்கள். இரண்டு பேர் மயங்குவதற்கு நல்ல இடமாகப் பார்த்தார்கள். ஐயா ஒரு சீசாவிலிருந்து அடக்கும் நீரை ஊற்றினார். ரத்தம் மறைந்தது. அந்த ஒரு நாளில் தெருவில் சீசா வாங்காத வீடு ஒன்றே ஒன்று. அந்த வீட்டில் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்று சொல்லவும் சலவைக்காரிக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

சீசாவோடு போயிருந்தால் பரவாயில்லை. ஐயா தீர்ப்பும் சொன்னார். “அவ கீழ்முனைக்கு ஒதுங்கிட்டா. அந்த மண்ணுலதான் உக்காந்திருக்கா. அதுல கை வெச்சா தெருவே தாங்காது. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கல்லு வெச்சுக் கால்வாயை அங்கேயே அடைச்சிடணும். அதுவரைக்கும் பலகைக் கல்லை யாரும் செருப்புக் காலோட மிதிக்கக்கூடாது.”

மருந்துக்கடைக்காரர்தான் தெருவுக்குத் தலைவர். நாள் முழுக்க நூறு மருந்தின் பெயரைப் படிக்கிறவர். அவர்தான் முதலில் செருப்பைக் கழற்றினார். ஐயாவுக்குத் தன் மாடி அறையையும் கொடுத்தார்.

சலவைக்காரி வீட்டில் அவளுடைய மாமியார் கட்டிலை வாசலிலிருந்து உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஏண்டி, நம்ம வாசல்லதான் உக்காந்திருக்காளாம்.”

“அத்தை, கல்லை வெச்சு அடைச்சா மழைத் தண்ணி எங்க போகும்?”

“அதை ஐயாகிட்டதான் கேக்கணும்.”

“கேளுங்க.”

“நானா? எனக்கு முட்டி வலி. நீ கேளு.”

முட்டி வலிக்கிறவர்கள் வாயால் கேட்கக்கூடாது என்று எந்த வைத்தியர் சொன்னாரோ.

மேஸ்திரி வந்து தலையைச் சொறிந்தார். “மண்வெட்டியை எடுத்தாலே கையைப் பிடிக்கறாங்கம்மா. திங்கக்கிழமைக்குள்ள விடலேன்னா ஆளுங்களை வேற வேலைக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் மழை முடிஞ்சுதான் வருவோம்.”

மழை முடியும்போது வீடு இருக்குமா என்று அவள் கேட்கவில்லை. தலையை ஆட்டினாள்.

சனிக்கிழமை காலையில் மாடி அறையிலிருந்து ஒரு மூட்டை சலவைக்கு வந்தது. ஐயாவின் வெள்ளை அங்கிகள். கடவுளோடு பேசுகிறவர்களுக்கும் அழுக்கு எல்லாரையும் போலத்தான் சேர்கிறது. ஒரு அங்கியின் வலது கை நுனியில் மஞ்சளாக ஒரு தீற்றல். அவள் சோப்புத் தண்ணீரில் போட்டாள். அரை நிமிஷம். கை நுனி செக்கச்செவேலென்று ஆனது.

அவள் துணியைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். வாசனைத் தைலத்துக்கு அடியில், தன் சமையலறை டப்பாவின் வாசனை.

“அத்தை!” என்று கூப்பிட்டாள். மாமியார் திடுக்கிட்டாள். மருமகளுக்கு இவ்வளவு குரல் இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முழுத் தெருவும் வெறுங்காலோடு கூடியது. கல் தயாராக இருந்தது. ஐயா பொடியைத் தூவினார், ரத்தம் வந்தது, அலறல் வந்தது. எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கையில் டப்பாவும் மறு கையில் சோப்பு வாளியுமாகச் சலவைக்காரி முன்னால் வந்தாள்.

“ஐயா… ஒண்ணு…”

“சத்தமா பேசும்மா!” என்றது கூட்டம்.

பேச்சு வரவில்லை. அதனால் குனிந்து, டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பக்கத்துத் தேக்கத்தில் போட்டாள். தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது.

கூட்டம் வாய் பிளந்தது. அடுத்த நொடியே ஒரு பெண்மணி கைகூப்பிவிட்டாள். “அம்மா, உங்களுக்கும் சக்தி வந்திருச்சா? என் பையனுக்கு வேலை எப்பக் கிடைக்கும், சொல்லுங்கம்மா!”

இதைக் கேட்டதும்தான் சலவைக்காரிக்கு வெட்கம் போய்க் கோபம் வந்தது. கோபத்தோடு குரலும் வந்தது.

“சக்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது மஞ்சத்தூள்! உங்க வீட்டு அடுப்படியிலயும் இருக்கு!”

ஐயா சிரித்தார். “பாவம், அவ இந்தப் பொண்ணு மேல ஏறிட்டா.”

“ஏறட்டும். அவ எங்க வாசல் மண்ணுலதானே உக்காந்திருக்கா? அங்க போடுங்க உங்க பொடியை.”

“அது… அங்க நேரம் சரியில்ல.”

“அப்ப நான் போடறேன்.” முப்பது அடி மண் கால்வாயில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் டப்பாவைத் தட்டினாள். மஞ்சள். கலக்கினாள். அப்போதும் மஞ்சள்.

“பேய் வீட்டுல இல்ல போலிருக்கே” என்றார் மேஸ்திரி. முதல் சிரிப்பு கேட்டது.

அடுத்த சிட்டிகை சோப்பு வாளியில் விழுந்தது. சிவப்பு.

“வாளிக்கு மாறிட்டா!” என்று கத்தினார் ஐயா.

“அப்படீன்னா நான் தினம் பேயைத்தான் தோய்ச்சுக்கிட்டிருக்கேன். மடிச்சு, இஸ்திரி போட்டு, வீட்டுக்கு வீடு குடுக்கறேன். நீங்க மாட்டிக்கிட்டுப் போறீங்க.” அவள் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள். “அண்ணே, உங்க சட்டையில யாரைக் கொன்னேன்னு கேட்டீங்களே. யாரையும் இல்ல. நீங்க சாப்பிடறப்ப மேல சிந்திக்கிட்ட மஞ்சள்தான். சோப்புப் பட்டா சிவக்கும். புதுச் சிமெண்ட்ல நின்ன தண்ணியும் சோப்பு மாதிரிதான்.”

“அதானே!” என்று மேஸ்திரி தன் வெடித்த உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். “அந்தத் தண்ணிதான் எங்க கையை இப்படித் தின்னுது. பேய் தின்னுதுன்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே!”

சிரிப்பு இப்போது தெரு முழுக்கப் பரவியது. மாமியார் முட்டி வலியை மறந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். ஐயாவின் கையிலிருந்த அடக்கும் நீர் சீசாவைப் பிடுங்கி, ஒரு துளியை நாக்கில் விட்டு முகத்தைச் சுளித்தாள்.

“எலுமிச்சம்பழம்டி!”

பேய்க்குப் பயந்து முந்தானையில் முடிந்து வைத்திருந்த அரை மூடி எலுமிச்சையை எடுத்து வாளியில் பிழிந்தாள். ரத்தம் போய் மஞ்சள் வந்தது. ஒரு தெருவையே ஆட்டிவைத்த பேயை அடக்க அரை மூடி போதுமானதாக இருந்தது. அதிலும் இரண்டு சொட்டு மிச்சம்.

மருந்துக்கடைக்காரர் தன் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். “காரமும் அமிலமும்… பள்ளிக்கூடத்துல படிச்சதுதான்” என்று முணுமுணுத்தார்.

“படிச்சதை எங்கண்ணே வெச்சீங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

மறுநாளே மண்வெட்டிகள் இறங்கின. நாலே நாளில் முப்பது அடியும் முடிந்தது. அடுத்து வந்த மழை சலவைக்காரி வாசலைக் கடந்து, எட்டிக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தது. அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், எல்லாரும் சிரித்து ஓய்ந்தபோது, மேஸ்திரி கல்லை உருட்டி ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

“நாங்க தெருவுலதாங்க தூர் வாருவோம். மண்டையில அடைச்சிருக்கறதை அவங்கவங்கதான் வாரிக்கணும்.”

எல்லாருடைய பார்வையும் நிலத்தடி ஐயா பக்கம் போயிற்று. நாலு நாளாக வாய் மூடாதவர், ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்கள்.

அவர் குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டார். பலகைக் கற்கள் மேலேயே டப் டப்பென்று மிதித்தபடி, திரும்பிப் பார்க்காமல் தெருமுனையில் மறைந்தார்.