நாலாவது விதி

மோகன்ராஜின் முதுகில் ஏதோ பலமாக மோதியது. திரும்பிப் பார்த்தார். மாடம்பாக்கம் ஏரி நடைபாதையின் புத்தம்புது போர்டு கம்போடு சாய்ந்துகொண்டிருந்தது.

போர்டில் நாலு விதிகள். இடப்பக்கம் நடக்கவும். காதில் பாட்டு வேண்டாம். நாயைக் கயிற்றில் பிடிக்கவும். பின்னோக்கி நடக்காதீர்கள். நாலையும் எழுதிக் கொடுத்தவர் நடைப்பயிற்சிச் சங்கச் செயலாளர். அதாவது மோகன்ராஜ்.

பின்னோக்கி நடந்தால் முட்டிவலி போகும் என்று யாரோ வீடியோ அனுப்பியிருந்தார்கள். ஆள் வருவதற்குள் அரைச் சுற்று போய்ப் பார்ப்போமே என்று பின்னோக்கி நடந்தார். அவ்வளவுதான். காதில் இன்னும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கம்பை நிமிர்த்தப் போனார். காயாத சிமெண்டோடு அது பெயர்ந்து, கரையில் உருண்டு, சேற்றில் குப்புற விழுந்தது. சங்கத்தின் வெள்ளை டி-ஷர்ட் முதுகில் சில்லென்று ஒட்டியது. வேர்வை என்று நினைத்துக்கொண்டார்.

"என்னய்யா இது!" தலைவர் சுப்ரமணியன் பத்துப் பேரோடு எதிரே வந்து நின்றார். "பெயின்டர் இப்பதானே எழுதிட்டுப் போனான்!"

"யாரோ வண்டிக்காரன் சார். இடிச்சிட்டு நிக்காம போய்ட்டான்."

"என்ன வண்டி?"

"பழைய மொபெட்டு. பின்னாடி நீல டப்பா."

ஞாயிறுதோறும் அவர் மீன் வாங்கும் டப்பாதான் வாயில் வந்தது. சொல்லி வாய் மூடவில்லை, அந்த டப்பாவே வந்துவிட்டது. ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததால், மீன்கார துரை என்ஜினை அணைத்துவிட்டு நடைபாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

சுப்ரமணியன் பாய்ந்து சாவியைப் பிடுங்கினார். "இடிச்சிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி திரும்பி வர்றியா? போலீசுக்குப் போன் போடுங்கப்பா!"

"இன்னா சார் பேஜார் பண்றீங்க? இப்பதான் வந்துகினு கீறேன். ஐஸு கரையுது. இன்னிக்கு விக்கலன்னா அத்தினியும் நாறிப்பூடும் சார், சாவியக் குடு."

"இவர்தான்னு நான் சொல்லலையே," என்று முனகினார் மோகன்ராஜ்.

"நீல டப்பான்னீங்களே?"

"பச்சையாக்கூட இருக்கலாம்..."

"பாத்தீங்களாய்யா பெருந்தன்மையை! காட்டிக் குடுக்க மனசு வரலை மனுஷனுக்கு!"

நாலு பேர் தலையாட்டினார்கள். மோகன்ராஜுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

துரை அவரிடமே வந்தார். "நீயே சொல்லு சார். போன வாரங்கூட உனக்கு சங்கரா மீனு ஆஞ்சி குடுத்தேனே. நானா இடிச்சேன்?"

டப்பாவிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மோகன்ராஜின் ஷூ பக்கம் ஓடிவந்தது. துரையின் முகத்தைப் பார்க்க முடியாமல், ஏரியைப் பார்ப்பவர்போல் திரும்பி நின்றார்.

சுப்ரமணியன் கரையோரம் குனிந்து சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார். "நாலு விதியும் அழிஞ்சு போச்சே! எட்டு மணிக்கு கவுன்சிலர் திறந்து வைக்க வந்தா எதைக் காட்டுறது?"

துரை சிரித்துவிட்டார்.

"சேத்துல ஏன் சார் தேடினு கீறீங்க? நாலும் இவர் முதுகுல பத்திரமா கீது, அதக் காட்டுங்க."