மாப்பிள்ளையோடு மலையேறிய விவரம்

சின்னமனூர்,
14.11.2008, வெள்ளி மாலை.

என் மனைவிக்கு ஒரே தம்பியும், என் மகளுக்கு ஒரே தாய்மாமனும், நம் குடும்பத்தின் நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவருமான தேனி சங்கிலி அவர்களுக்கு, மச்சான் சுந்தரலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். தங்கள் சுகத்தை அறிய நேற்றுவரை ஆவல் இருந்தது, இன்று இல்லை. போனிலேயே திட்டியிருப்பேன். மத்தியானத்திலிருந்து தங்கள் போன் அணைந்தே கிடக்கிறது.

"பெங்களூர் மாப்பிள்ளைக்கு மலையேறுறதுன்னா உசிரு மச்சான். ஒரு ராத்திரி மேகமலையில அவரு கூடத் தங்கிட்டு வாங்க. அவரு மனசு குளிர்ந்துரும், சம்பந்தம் முடிஞ்ச மாதிரிதான்" என்று சொன்னது தாங்கள்தானே? குளிர்ந்தது அவர் மனசு இல்லை, என் உடம்பு. வந்த வரனையெல்லாம் லதா ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிக்கொண்டே இருந்தாள். இதையாவது முடித்துவிட வேண்டும் என்றுதான் இந்த மூட்டு வலியோடு கிளம்பினேன்.

நேற்றுக் கிளம்பும்போது லதா என் காலில் விழுந்தாள். "மலைக்குத்தானே போறேன், காசிக்கா போறேன்? எதுக்கு ஆத்தா இதெல்லாம்?" என்றேன். "சும்மா ஆசீர்வாதம் பண்ணுங்கப்பா" என்றாள். "தாலி பாக்கியத்தோட மகராசியா இரு" என்றேன். அழுதுவிட்டாள். அப்பன்மேல் எவ்வளவு பாசம் பார். நம் தெரு செல்போன் கடை சேவியருக்குக்கூட என்மேல் அக்கறை. "மேல டவர் கிடைக்காது மாமா, போனை வீட்லயே வச்சிட்டுப் போங்க" என்று சொல்லித் தன் மழைக்கோட்டையும் எடுத்துக் கொடுத்தான். முந்தின நாள்வரை என்னை சார் என்று கூப்பிட்ட பையன்.

ஜீப் எஸ்டேட் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து புல்மேட்டுக்கு நடை. கொஞ்ச தூரத்திலேயே மாப்பிள்ளை பாண்டியராஜனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பெண்ணைப் பெற்றவன் முடியாது என்று சொல்ல முடியுமா? அவர் மூட்டையும் என் முதுகில் ஏறியது. உன் அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரையை மோந்து பார்த்து "ரொம்ப எண்ணெய் அங்கிள்" என்றார். மழையில் அவருடைய அடுப்பு பற்றவே இல்லை. நூடுல்ஸைப் பச்சையாகக் கடித்துப் பார்த்தார், பிறகு புளியோதரை முழுவதையும் அவரே தின்றார். நான் "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று சிரித்தேன். சரிவில் கூடாரம் போட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று எங்கள் திராட்சைத் தோட்டத்துக் கொடிக்குக்கூடத் தெரியும், சொல்ல வாய் வரவில்லை. அவர் மேட்டுப் பக்கம் தூங்குகிற பைக்குள் நுழைந்து படுத்தார். பள்ளத்துப் பக்கம் நான் ஓடையில் படுத்திருந்தேன். விடியக்காலையில் அவர் காலில் ஒரு அட்டை, ஒண்ணே ஒண்ணு, கடித்ததற்கு அந்த மலையே எழுந்துவிட்டது. என் காலில் இருந்ததை எண்ணவில்லை. கைவசமிருந்த உப்பையெல்லாம் அவருக்கே தேய்த்துவிட்டேன். பிறகு என்னைப் பனிமூட்டத்துக்குள் நிறுத்திவைத்து, "இங்க இருந்து கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் அங்கிள்" என்றார். சுண்ணாம்படித்த சுவர் மாதிரி இருந்தது. அடேயப்பா என்றேன், வேறு என்ன சொல்ல? கீழே என் தோட்டத்தில் பழம் மழையில் வெடித்துக்கொண்டிருக்கிறது, நான் மேலே நின்று அடேயப்பா சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால், உன் அக்கா சண்முகத்தாய் பட்டுச்சேலையில் இருக்கிறாள், அடுப்பில் பாயசம். "என்னடி விசேஷம்?" என்றேன். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சுல்ல, அதான்" என்றாள். நான் உயிரோடு திரும்பியதுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. லதா பெரியகுளத்தில் தோழி கல்யாணத்துக்குப் போயிருக்கிறாளாம்.

கேட்டுக்கொள் சங்கிலி, இவ்வளவு ரத்தத்தை அட்டைக்குக் கொடுத்துவிட்டு இந்தச் சம்பந்தத்தை நான் விடுவதாக இல்லை. தை மாதத்தில் முகூர்த்தம் குறித்துக்கொண்டு வா. உன்னையும் உன் பிள்ளைகளையும் குலசாமி காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
நனைந்த உடம்போடு,
சுந்தரலிங்கம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் ஆட்டோ நின்றது. லதா இறங்கினாள், கழுத்தில் மாலை. பின்னாலேயே சேவியர், அவன் கழுத்திலும் மாலை. காலையில் பெரியகுளத்தில் பதிவுத் திருமணமாம். "சங்கிலி மாமாதான்ப்பா முன்னால நின்னு சாட்சிக் கையெழுத்துப் போட்டாக" என்கிறாள். டவர் கிடைக்காத மலைக்கு என்னை ஏன் ஏற்றினாய் என்று இப்போது புரிகிறது. "பெத்தவன் ஆசீர்வாதம் இல்லாம ஒரு கல்யாணமா?" என்று கத்தினேன். "அதான் நேத்தே வாங்கிட்டேனேப்பா" என்று அழுகிறாள். கொடுத்ததைத் திரும்ப வாங்க எனக்கு வழி தெரியவில்லை. மழைக்கோட்டை அவன் மூஞ்சியில் எறிந்தேன். மடித்துத் திரும்ப என் கையிலேயே கொடுத்து, "வச்சுக்கங்க மாமா, நாளைக்கும் மழைன்னாக" என்கிறான். முகூர்த்தம் குறிக்க வேண்டாம். பாயசம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வந்து குடித்துவிட்டு, உதை வாங்கிக்கொண்டு போ.