வாரண்டிக்கு ஒரு சூடம்

லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்த மெக்கானிக் பிரேம்குமார், "சீல் எங்க சார்?" என்று கேட்டான்.

"என்ன சீல்?"

"ஸ்க்ரூ மேல செவப்பா, வட்டமா ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அது இல்லன்னா வாரண்டி கெடையாது."

கொளஞ்சியப்பன் எட்டிப் பார்த்தான். ஸ்க்ரூ மட்டும் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன், 2007 ஜனவரியில், பெரம்பலூரில் இதே கடையில் வாங்கியது. முந்தாநாள் திரை கறுத்தது. கல்லூரியில் உடன் வேலை பார்க்கும் வீரமணி, பேட்டரியைக் கழற்றி வெயிலில் வைக்கச் சொன்னார். வைத்தான். அதன்பின் சார்ஜர் விளக்கும் எரியவில்லை.

"எங்க வூட்ல யாரும் இதத் தொறக்கல."

"எல்லாரும் அதான் சார் சொல்றாங்க."

"சரி, உள்ள ஒரு ஃபைல் இருக்கு. அத மட்டும் எடுத்துக் குடுங்க."

"சீல் இல்லாதத நான் தொறந்தா, நான்தான் பிச்சேன்னு கம்பெனி சொல்லும்."

அந்த ஃபைல் நாற்பது விநாடி. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அவன் மனைவி கவிதா பேசி வைத்தது. 'கேக்குதா? வரும்போது சின்ன வெங்காயம் வாங்கிட்டு வாங்க.' ஏப்ரலில் அவள் இறந்தாள். அவள் குரல் வேறெங்கும் இல்லை.

குரும்பலூர் வீட்டில் மாமியார் பாப்பாயியிடம் கேட்டான். மகள் போனபின் அவனுக்குச் சமைத்துப் போட வந்து தங்கியவர்.

"லேப்டாப்ப யாராச்சும் தொறந்தீங்களா அத்த?"

"எனக்கு அத மூடவே தெரியாது மாப்ள. தூக்கித் தொடைச்சு வெக்கிறதோட சரி."

லேப்டாப் இருந்த மேஜைக்கு நேர் மேலே சுவரில் கவிதாவின் படம். கொளஞ்சியப்பன் குனிந்தபடியே கம்பெனிக்குக் கடிதம் எழுதினான். சீலைக் கடைக்காரர்களே பிய்த்துவிட்டார்கள் என்று எழுதினான்.

பத்து நாளில் பதில் வந்தது. விசாரணையாம். அது முடியும்வரை லேப்டாப்பை யாரும் தொடக்கூடாதாம். கடையில் அதைக் காக்கித் தாளில் சுற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்தார்கள். இப்போது அதற்கு மூன்று சீல் இருந்தது.

மறுநாள் பிரேம்குமார் கல்லூரி வாசலில் நின்றான்.

"எனக்கு மெமோ குடுத்துட்டாங்க சார். வேலையே போயிரும் போலருக்கு. நான் பிக்கல."

"நாங்களும் பிக்கல."

"அப்ப செட்டிகுளம் வாங்க. முருகன் முன்னாடி சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிருவோம்."

"கம்பெனி அத ஏத்துக்குமா?"

"எங்க மொதலாளி ஏத்துக்குவாரு சார். அவரு எழுதிக் குடுத்தா விசாரணைய மூடிருவாங்க."

ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினார்கள். சந்நிதியில் சூடம் ஏற்றி, முதலில் பிரேம்குமார் உள்ளங்கையால் அடித்து அணைத்தான். மறுபடி ஏற்றியதைக் கொளஞ்சியப்பன் அணைத்தான். பார்த்துக்கொண்டிருந்த குருக்கள் கேட்டார்.

"எவன் பொய் சொல்றான்?"

இருவரும் மற்றவன் முகத்தைப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் சத்தியம் பண்ணா எப்படிப்பா? ஒருத்தனாவது தயங்கணும்ல."

திரும்பும் பஸ்ஸில் பிரேம்குமார் கையை ஊதிக்கொண்டே வந்தான். கொப்புளம் எழுந்திருந்தது.

"நீங்க பொய் சொல்ற ஆளு மாதிரி தெரியல சார்."

"நீங்களும்தான்."

"அப்ப ஸ்டிக்கர் எங்க சார் போச்சு?"

கைக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போகட்டும் என்று கொளஞ்சியப்பன் அவனை வீட்டுக்கு அழைத்து வந்தான்.

பாப்பாயி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார். "படிச்ச புள்ளைங்க பண்ற வேலையா இது?" என்று இருவர் உள்ளங்கையிலும் தடவினார். கொளஞ்சியப்பன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கையை ஊதிக்கொண்டே சுவரைப் பார்த்த பிரேம்குமார், ஊதுவதை நிறுத்தினான்.

"சார்... அக்கா படத்துல இருக்கிற பொட்டு..."

பிரேம்குமார் நாற்காலியில் ஏறி, படத்துக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் படித்தான்.

"2008 ஜனவரி வரைக்கும் போட்டிருக்கு சார்."

பாப்பாயி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"குங்குமம் வெச்சா உதுந்து உதுந்து உங்க மிஷினு மேல விழுந்துச்சு. அது கெட்டுறக் கூடாதேன்னுதான், அடியில சும்மா ஒட்டிக் கெடந்தத எடுத்து வெச்சேன். அஞ்சு மாசமா அவ நெத்தியிலதான் இருக்கு மாப்ள, நீங்கதான் ஒரு நாளும் நிமுந்து பாக்கல."