பனிச்சித்தரின் பழுப்புக் கறை

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில் காரைக்குடிப் பக்கம் பனி பெய்தது. சிரிக்காதீர்கள். கொத்தமங்கலத்தில் பூட்டிக் கிடந்த பெரிய வீடொன்றைப் பிடித்து, பனிச்சித்தர் என்பவர் நோயாளிகளின் நெஞ்சுக்குள் தினமும் பனி பெய்வித்துக்கொண்டிருந்தார். பித்தளைச் செம்புக்குள் தணல், ஏலக்காய் மணம், இழுக்க ஒரு ரப்பர் குழாய். இழுத்தால் தலை சுற்றும். அதற்குப் பெயர் அருள். மறுநாள் இழுக்காவிட்டால் கை நடுங்கும். அதற்குப் பெயர் பக்தி.

புகை என்று யாராவது சொன்னால் சித்தருக்குக் கோபம் வந்துவிடும். "பீடியில வாரதுதான்யா புகை. இது மூலிகைப் பனி!"

இழுத்ததை வெள்ளைத் துணியில் ஊத வேண்டும். பழுப்புக் கறை விழும். நெஞ்சிலிருந்த நோய் வெளியே வந்துவிட்டதாம்! அந்தக் கறைக்குச் சட்டம் போட்டு, முன்னோர் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். பெண் கேட்டு வந்தவர்களிடம், "மாப்பிள்ளைக்குக் கறை எம்புட்டு அகலம்?" என்று விசாரித்த குடும்பமும் உண்டு.

தேவகோட்டையில் பள்ளிக்கூட எழுத்தரான அமலதாஸ் ஆஸ்துமாக்காரர். சித்தர் சொன்னாரென்று மாத்திரைகளை ஊருணியில் வீசினார். இருமல் நின்றது. கொண்டாடினார். சளியைக் கூட்டித் தள்ளும் மூச்சுக்குழாய் நுண்மயிர்க் காவலே நெஞ்சுக்குள் மயங்கிக் கிடந்ததால் நின்ற இருமல் அது. அடுத்த வாரமே காய்ச்சல் வந்தது. "இன்னும் இழுத்தா நிமோனியாதான். ஆள் தேறுறது கஷ்டம்" என்றார் டாக்டர். அமலதாஸோ, "அருள் குறைஞ்சிருச்சு" என்று காய்ச்சலோடு கிளம்பினார்.

மனைவி ஞானபூரணியும் ஆட்டோவில் கூடவே போனார். இறங்கும்போது டிரைவரிடம் கேட்டு ஹாரனின் ரப்பர் பந்தைக் கழற்றிக்கொண்டார்.

"சாமி, முதல்ல இதுக்கு வைத்தியம் பாருங்க."

"என்ன தாயி, விளையாடுறீகளா?"

ஞானபூரணி பந்தை அமுக்கிக் குழாயில் வைத்துப் பிடியைத் தளர்த்தினார். பந்து பனியை ஆசையாக உறிஞ்சியது. துணியில் வைத்து அமுக்கினார். நாலைந்து தடவை இப்படியே செய்தார். பழுப்புக் கறை! அமலதாஸின் கறையைவிட அகலம்.

"இதுக்கு எத்தனை வருசமா ஆஸ்துமா, சாமி?"

"ஹாரனுக்கும் கர்மவினை உண்டு..." என்று சித்தர் இழுத்தார்.

"அப்ப நாளைக்கும் கூட்டியாரணுமா?" என்று மீனம்மாள் என்ற பக்தை அக்கறையோடு கேட்டார்.

ஞானபூரணிக்குப் பொறுக்கவில்லை. செம்பைக் கவிழ்த்தார். தணலோடு ஏலக்காய்த் தோலும் அடி நிறையப் புகையிலையும் கொட்டின. செம்மலை என்பவர் குனிந்து முகர்ந்தார். "அடப்பாவி, பீடியை விடத்தானேடா இங்குட்டு வந்தேன்!" என்று அலறினார். அதற்குள் சித்தர் பின்கட்டு வழியாக மறைந்துவிட்டார். அவர் செய்த ஒரே அற்புதம் அதுதான்.

அமலதாஸ் ஆட்டோவுக்குப் போவதற்குள் மூச்சு வாங்கி நின்றார்.

"பூரணி, துணியில விழுந்தது போக மிச்சம்?"

"உள்ளதான் இருக்கு. பேசாம ஆஸ்பத்திரிக்கு வாங்க."

குழாய்க்காக வரிசையில் நின்று வாயைத் திறந்த பெருமக்களே, ஒரு கேள்விக்காகவும் அதைத் திறந்திருக்கக் கூடாதா?